இஸ்திரிப் பெட்டி முதல் கிணற்று மோட்டார் வரை: வீட்டு மின்சுற்றை நாமே கணக்குப் போடுவது எப்படி?

உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘230 வோல்ட், 1000 வாட்’ என்று எங்காவது ஒரு லேபிள் இருக்கும். அந்த இரண்டு எண்களை வைத்தே அது எத்தனை ஆம்பியர் இழுக்கும், எந்த பிளக்கில் செருகலாம், எவ்வளவு தடிமனான வயர் வேண்டும், கரண்ட் பில்லில் எத்தனை யூனிட் ஏறும் என்பதையெல்லாம் சொல்லிவிட முடியும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பள்ளியில் எல்லோரும் படித்த பாடம்தான். ஆனால் பரீட்சையோடு அதை மறந்துவிட்டு, வீட்டுக்கு வயரிங் செய்யும் நாளில் “நல்ல வயரா பாத்துப் போட்டுடுங்கண்ணே” என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். எந்த லைனுக்கு எந்த வயர், ஏன் என்று கேட்கிற அளவுக்காவது ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு நிபந்தனை. கணக்கை நாம் போடலாம். 230 வோல்ட் லைனில் கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். தொட்டுப் பார்த்துப் பழக 12 வோல்ட் அடாப்டரும் ஒரு மல்டிமீட்டரும் தாராளம்.

நான்கு அளவுகள், இரண்டு சூத்திரங்கள்

மின்சுற்று என்றால் முழுதாக மூடிய ஒரு வட்டப் பாதை. ஃபேஸ் என்ற வயரில் புறப்படும் கரண்ட், பல்பையோ ஃபேனையோ கடந்து நியூட்ரல் என்ற வயர் வழியாகத் திரும்பியாக வேண்டும். பாதை எங்கே அறுந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். சுவிட்ச் செய்வது அந்த அறுக்கும் வேலையைத்தான். வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம், நொடிக்கு 50 சுழற்சி. ஆனால் பல்பு, ஹீட்டர் கணக்குகளுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கரண்டைத் தள்ளுவது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். நொடிக்கு எவ்வளவு மின்னூட்டம் பாய்கிறது என்பது மின்னோட்டம், அது ஆம்பியரில். அந்தப் பாய்ச்சலுக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு மின்தடை; அது ஓமில். இவை மூன்றையும் இணைக்கும் விதியை ஜெர்மானியரான கெயோர்க் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்டார்:

வோல்ட் = ஆம்பியர் × ஓம்

நான்காவது அளவு மின்திறன். ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதைச் சொல்வது, அலகு வாட்.

வாட் = வோல்ட் × ஆம்பியர்

இரண்டையும் சேர்த்தால் மூன்றாவது ஒன்று தானாகக் கிடைக்கும்:

வாட் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்

இந்த மூன்றாவதைத் தனியாக மனத்தில் வையுங்கள். வயர் ஏன் சுடுகிறது, பிளக் ஏன் கருகுகிறது என்பதற்கெல்லாம் விடை இதில்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: 1000 மில்லிஆம்பியர்தான் 1 ஆம்பியர். 20 மில்லிஆம்பியர் என்றால் சூத்திரத்தில் 0.02 என்று போட வேண்டும். விடை தப்பாக வரும்போது பெரும்பாலும் கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கும்.

லேபிளை வைத்து முதல் கணக்கு

இஸ்திரிப் பெட்டி: 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். அதன் மின்தடை 230 ÷ 4.35, அதாவது சுமார் 53 ஓம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, வெப்பத் திருகைக் கொஞ்சம் திருப்பி வைத்து, பிளக்கில் பெரிய எர்த் முனையை விட்டு மற்ற இரண்டு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். 53-ஐ ஒட்டியே காட்டும். நாம் காகிதத்தில் போட்ட எண் மீட்டரில் தெரிவதைப் பார்க்கும்போது இந்தப் பாடத்தின் மேல் ஒரு நம்பிக்கை வரும். அதற்காகவே இதைச் செய்யச் சொல்கிறேன்.

குண்டு பல்பில் இதே சோதனையைச் செய்தால் விடை ஒத்துவராது. 60 வாட் பல்புக்குக் கணக்குப்படி 882 ஓம் வர வேண்டும். அணைந்து குளிர்ந்த பல்பை அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காயும்போதுதான் அதன் தடை அவ்வளவு உயர்கிறது. இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் நிக்ரோம் கம்பிக்குச் சூட்டால் தடை பெரிதாக மாறுவதில்லை.

இனி லோ வோல்டேஜ். சாயங்காலம் லைனில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் 53 ஓம் அப்படியேதான் இருக்கும். கரண்ட் 180 ÷ 53 = 3.4 ஆம்பியர். திறன் 180 × 3.4 = 612 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் குறைந்தது. ஆனால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்டேஜ் குறையும்போது கரண்டும் கூடவே குறைவதால் அடி இரண்டு மடங்காக விழுகிறது.

தொடரிணைப்பு: ஒரே கரண்ட், பங்கு பிரியும் வோல்ட்

ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் தொடரிணைப்பு. எல்லாவற்றிலும் ஒரே கரண்ட் ஓடும். தடைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வோல்டேஜ் தடையின் அளவுக்கேற்பப் பிரியும். பழைய திருவிழா சீரியல் செட்டில் 6 வோல்ட் குட்டி பல்புகளை 38 வரை கோத்தது இதனால்தான்: 38 × 6 = 228. ஒன்று ஃபியூஸ் ஆனால் மொத்தச் சரமும் அணைந்துபோகும்.

கையால் செய்து பார்க்க நல்லது 12 வோல்ட் எல்.இ.டி. ஒரு வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 20 மில்லிஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. மீதி 9 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 9 ÷ 0.02 = 450 ஓம். கடையில் 470 ஓம் கிடைக்கும். அதைப் போட்டால் 19 மில்லிஆம்பியர் ஓடும், சரி. ரெசிஸ்டரில் வீணாவது 9 × 0.019 = 0.17 வாட்; கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

ஆனால் எல்.இ.டி.க்குப் போனது 0.06 வாட் அளவுதான். வெளிச்சத்துக்குக் கொடுத்ததைவிட மூன்று மடங்கு ரெசிஸ்டரில் சூடாகிப் போகிறது. மூன்று எல்.இ.டி.களைத் தொடராகக் கோத்தால்? அவை 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட். 3 ÷ 0.02 = 150 ஓம். இப்போது வீணாவது 0.06 வாட் மட்டுமே. சாமி மாடத்திலும் ஃபால்ஸ் சீலிங்கிலும் ஒட்டும் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பைக் கவனித்தால் மூன்று விளக்குக்கு ஒருமுறை கத்தரிக்கோல் குறி இருப்பது தெரியும். ஒவ்வொரு துண்டும் நாம் இப்போது கணக்குப் போட்ட மின்சுற்றுதான்.

ரிப்பேர் கடைகளில் சீரிஸ் பல்பு என்று ஒன்று வைத்திருப்பார்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்று, அதோடு தொடரில் ஒரு சாக்கெட். சந்தேகத்துக்குரிய சாமானை அதில் செருகுவார்கள். உள்ளே ஷார்ட் என்றால் 230 வோல்ட்டும் பல்பின் மேல் விழுந்து அது முழுதாக எரியும், 0.43 ஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் வெடிக்காது. நல்ல யோசனை. ஆனால் நம் இஸ்திரிப் பெட்டியை அதில் செருகினால்? பல்பு 529 ஓம், பெட்டி 53 ஓம், மொத்தம் 582, கரண்ட் 0.395 ஆம்பியர், பல்புக்கு 209 வோல்ட் போய்விடும். பெட்டி நன்றாக இருந்தாலும் பல்பு ஏறக்குறைய முழு வெளிச்சத்தில்தான் எரியும். ஆகவே ஹீட்டர் வகைச் சாமான்களில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சீரிஸ் பல்பை நம்பக் கூடாது, ஓம் அளந்தே பார்க்க வேண்டும்.

பக்க இணைப்பு: வீட்டில் இருப்பது எல்லாம் இதுதான்

வீட்டின் ஒவ்வொரு பிளக்கும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பக்கம் பக்கமாக இணைந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே 230 வோல்ட். கரண்டுகள் கூடிக்கொண்டே போகும். இதைக் குஸ்டாவ் கிர்க்காஃப் 1845-ல் விதியாகச் சொன்னார்: ஒரு சந்திப்புக்குள் வரும் கரண்டும் வெளியேறும் கரண்டும் சமம்.

காலை ஏழு மணி சமையலறையை எடுத்துக்கொள்வோம். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், எலக்ட்ரிக் கெட்டில் 1500 வாட், மிக்ஸி 750 வாட். கரண்ட் முறையே 8.7, 6.5, 3.3 ஆம்பியர். மொத்தம் 18.5. மூன்றும் ஒரே 16 ஆம்பியர் லைனில் இருந்தால் லைன் சுமைக்கு மேல் ஓடுகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இண்டக்‌ஷனையும் கெட்டிலையும் ஒரே பாக்ஸில் செருகினால் 15.2 ஆம்பியர். சாதாரண பாக்ஸின் வயர் பெரும்பாலும் 0.75 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள செம்பு. அதன் தடை மீட்டருக்கு 0.026 ஓம். மூன்று மீட்டர் வயரில் கரண்ட் போக 3, வர 3, ஆக 6 மீட்டர்: 0.156 ஓம். மூன்றாவது சூத்திரத்தைப் போடுங்கள்: 15.2 × 15.2 × 0.156 = 36 வாட். அந்த வயர் முழுவதும் 36 வாட் சூடாகிறது. அதைச் சுருட்டிக் கட்டி அலமாரிக்குப் பின்னால் தள்ளியிருந்தால் சூடு வெளியேற வழியில்லை, உறை இளகும். 6 ஆம்பியர் மட்டும் ஓடினால் இதே வயரில் 6 வாட்கூட வராது. கரண்ட் இரண்டரை மடங்கானபோது சூடு ஆறு மடங்கைத் தாண்டிவிட்டது பாருங்கள்.

அதற்கும் மேல் ஒன்று, லூஸ் கான்டாக்ட். சாக்கெட்டுக்குள் பித்தளைப் பட்டை தளர்ந்து, பிளக் முனையைச் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே கூடுதலாக வருவது வெறும் 0.1 ஓம் என்றே வைப்போம். 15.2 × 15.2 × 0.1 = 23 வாட். ரேடியோ ரிப்பேருக்கு ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அந்த அளவுச் சூடு, ஒரு பிளக் முனையில், பிளாஸ்டிக்குக்குள். பிளக் பழுப்பேறியிருந்தாலோ, கழற்றும்போது முனை கையைச் சுட்டாலோ, இந்தக் கணக்கு உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. சாக்கெட்டை உடனே மாற்றிவிடுங்கள்.

சமையலறைக்குத் தீர்வு எளிது. இண்டக்‌ஷனுக்குத் தனி லைன், 8.7 ஆம்பியர். கெட்டிலும் மிக்ஸியும் இன்னொரு லைனில், 9.8 ஆம்பியர். இரண்டும் 16-க்குள் அடங்கிவிடும்.

“எம்.சி.பி. ட்ரிப் ஆகவில்லையே, அப்போ சரிதானே?”

சரியில்லை. எம்.சி.பி. என்பது கரண்ட் எல்லை மீறினால் லைனைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச். அதற்குள் இரண்டு பொறிகள் உண்டு. ஷார்ட் ஆனால் ஒரு காந்தச் சுருள் கண்ணிமைக்கும் முன் துண்டிக்கும்; வீட்டில் வழக்கமாகப் போடும் ‘சி’ வகையில் அதற்கு 5 முதல் 10 மடங்கு கரண்ட் வேண்டும். அதாவது 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 80 முதல் 160 ஆம்பியர். அதற்குக் கீழான கூடுதல் சுமையைக் கவனிப்பது சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டை. அது மெதுவான ஆள். தர விதிப்படி 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16 ஆம்பியருக்கு அந்த மேல் எல்லை 23.2 ஆம்பியர். நம் சமையலறையின் 18.5 அதற்குள் இருப்பதால் எம்.சி.பி. வெகுநேரம் சும்மாவே இருக்கும்.

இன்னொன்று: எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் வயரை. அதனால் சாமானின் கரண்டைவிட எம்.சி.பி. பெரியதாகவும், வயர் தாங்கும் கரண்டைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். லைட், ஃபேனுக்கு ஒன்றரை சதுர மி.மீ. வயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும், 16 ஆம்பியர் பிளக்குக்கு இரண்டரையும் 16-ம், ஒன்றரை டன் ஏ.சி.க்கு நாலும் 20-ம் என்று போடுவது வழக்கம். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று வயரை மாற்றாமல் 16-ஐ எடுத்துவிட்டு 32 போடுவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. அதற்கு அப்புறம் முதலில் எரியப்போவது வயர்தான்.

தூரம் கூடும்போது: கிணற்று மோட்டார் ஏன் உறுமுகிறது?

மீட்டர் பெட்டியிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கிணறு. சிங்கிள் ஃபேஸ், ஒரு எச்.பி. மோட்டார். ஒரு எச்.பி. என்பது 746 வாட். அதை 230-ஆல் வகுத்து 3.2 ஆம்பியர் என்று முடிவுகட்டக் கூடாது. 746 என்பது தண்டில் கிடைக்கும் திறன். மோட்டார் அதைவிட அதிகம் எடுக்கும். போதாததற்கு, மோட்டாரில் வோல்டேஜும் கரண்டும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை. அதைச் சரிக்கட்ட வாட் = வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர் என்று போட வேண்டும். அதனால் மோட்டாருக்கு மட்டும் லேபிளில் அச்சிட்ட ஆம்பியரை அப்படியே எடுத்துக்கொள்வதே நல்லது. 7 ஆம்பியர் என்று இருப்பதாக வைப்போம்.

ஒன்றரை சதுர மி.மீ. வயருக்கு மீட்டருக்கு 0.0121 ஓம். போக வர 120 மீட்டர்: 1.45 ஓம். ஓடும்போது வயரில் இழப்பது 7 × 1.45 = 10 வோல்ட். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். 40 ஆம்பியர் என்று கொள்வோம். 40 × 1.45 = 58 வோல்ட் வயரிலேயே போய்விட்டது. மோட்டாருக்குக் கிடைப்பது 172. லைனிலேயே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் 142. மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும். அப்படியே விட்டால் காயில் எரிந்து, ரீவைண்டிங் கடைக்குப் போகும். கடையில் சொல்வார்கள், “கெப்பாசிட்டர் வீக்கு” என்று. சில சமயம் அது உண்மை. ஆனால் கெப்பாசிட்டரை மாற்றியும் திரும்பத் திரும்ப இதே கதை என்றால் வயரைச் சந்தேகப்படுங்கள்.

நாலு சதுர மி.மீ. வயர் போட்டால்? மீட்டருக்கு 0.0046 ஓம், 120 மீட்டருக்கு 0.55. கிளம்பும்போது இழப்பு 22 வோல்ட் மட்டுமே. ஒருமுறை காயில் கட்டும் செலவையும், அதுவரை பயிருக்குத் தண்ணீர் இல்லாமல் தவிப்பதையும் நினைத்துப் பார்த்தால், தடித்த வயருக்குக் கூடுதலாகக் கொடுப்பதை நான் செலவாகவே எண்ண மாட்டேன். அலுமினிய வயர் என்றால் அதே தடிமனுக்குத் தடை சுமார் 1.6 மடங்கு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

யூனிட் கணக்கு

1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட்டை மணியால் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 75 வாட் பழைய சீலிங் ஃபேன் நாளைக்கு 15 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 60 நாள்: 67.5 யூனிட். குறைவாகக் கரண்ட் எடுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன், 30 வாட் என்றால் 27. ஒரே ஃபேனில் 40 யூனிட் வித்தியாசம். 2000 வாட் கீசர் தினம் 20 நிமிடம் என்றால் 60 நாளில் 40 யூனிட். ஃபிரிட்ஜுக்கு இப்படிப் போட வேண்டாம். அதன் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதால் இரண்டு மாதக் கணக்குக்கு லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை 6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் வரும்?

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 1800 வாட்-மணி. முழுவதும் நம் கைக்கு வராது. லெட்-ஆசிட் பேட்டரியை அடிவரை காலி செய்தால் ஆயுள் போய்விடும். 80 சதவீதத்தோடு நிறுத்துவோம், 1440. இன்வெர்ட்டரில் மாறும்போது 15 சதவீதம் போனால் மிஞ்சுவது சுமார் 1220. மூன்று ஃபேனும் சில விளக்குகளுமாக 300 வாட் என்றால் 4 மணி நேரம். அதுவும் புது பேட்டரிக்கு. அந்த 150 என்ற எண் 20 மணி நேரம் மெதுவாக இறக்கி அளந்தது; நாமோ ஏறக்குறைய 30 ஆம்பியர் உறிஞ்சுகிறோம். ஆகவே உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

உடம்பு வழியாக ஓடினால்

ஈரக் கையோடு இருக்கும் உடம்பின் தடையை 1000 ஓம் என்று வைத்துக் கணக்கிட்டால் 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். உயிர் போக இது போதுமானதைவிட அதிகம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு சின்ன பல்பு எரிவதைப் போலத்தான், விழவே விழாது.

சாமானின் உலோக உடம்பை மண்ணோடு இணைக்கும் எர்த் வயர் இருக்கிறதே என்பீர்கள். கிரைண்டர் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டது, எர்த் பாதையின் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் பாயும், எம்.சி.பி. சில நொடிகள் கழித்தாவது விழும். கோடையில் எர்த் குழி காய்ந்து 20 ஓம் ஆகிவிட்டால்? 230 ÷ 20 = 11.5 ஆம்பியர். 16-க்குக் கீழே. எம்.சி.பி. விழாது, கிரைண்டரின் உடம்பில் ஏறக்குறைய முழு 230 வோல்ட்டும் நிற்கும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் பெரியவர்கள் இந்த ஓம்களைத்தான் குறைக்கச் சொல்கிறார்கள்.

இந்த ஓட்டையை அடைப்பது, கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச். கிர்க்காஃப் விதியை அது ஓயாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது: ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா? 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே, யாரோ ஒருவர் வழியாகவோ எர்த் வழியாகவோ கசிகிறது என்று 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். உடம்பின் 230 மில்லிஆம்பியரும் எர்த்தின் 11.5 ஆம்பியரும் அதற்கு மிகப் பெரிய கசிவுகள். எம்.சி.பி.கள் வரிசையாக இருக்கும் டி.பி. பாக்ஸைத் திறந்து, ஆர்.சி.சி.பி. என்ற அந்த அகலமான பெட்டியில் 30 எம்.ஏ. (மில்லிஆம்பியர்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 100 அல்லது 300 என்று இருந்தால் அது உயிருக்கான காவல் அல்ல, தீக்கான காவல். அதில் ‘T’ (டெஸ்ட்) என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். லைன் விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.